எக்கியைத் துடைக்கும் தமிழ்க் கை



பாட்டுக்கும் மேடைக்கும் தமிழ் போதும், பொறிக்கு ஆங்கிலமே வேண்டும் என்று கருதும் படித்த தமிழர் இன்றும் பலர் உளர். அக்கருத்தின் பொய்ம்மையைக் காட்டப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெட்ரோல் என்று வழங்கும் கன்னெய்யை ஊற்றும் நிலையமே போதும்.

அங்கு நிற்கும் எக்கி, மக்கள் வாய்மொழியில் 'பம்பு', நிலத்தடித் தொட்டியிலிருந்து நெய்யை உறிஞ்சுகிறது. தூசும் துருவும் வடிகட்டியில் தங்குகின்றன. காற்றுப் பிரிப்பான் குமிழிகளை விலக்குகிறது. பின்னர் நெய்யின் ஓட்டம் அளவியை இயக்க, அவ்வியக்கம் எண்பலகையில் இலிட்டராகத் தோன்றுகிறது. இறுதியில் நெகிழ்குழாயும் அதன் மூக்கும். இவ்வளவும் தமிழில் சொல்ல முடிகிறதன்றோ? ஆயினும், எக்கியோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்க, விடியலில் துணியும் கையுமாக அதைத் துடைக்கும் தமிழிளைஞனுக்கு எதை ஏன் செய்கிறோம் என்பது விளங்குவதில்லை.

விளங்காமையின் விளைவு சிறிதன்று. எண்பலகைக் கண்ணாடியை உலர்ந்த செயற்கை இழைத் துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறும். ஈரப்பருத்தித் துணியே ஏற்றது. எக்கியின் தலைப்பகுதியில் நீரைப் பீய்ச்சினால் உள்ளிருக்கும் மின்னணுப் பகுதி கெடும். கறை போகக் கன்னெய்யாலேயே துடைப்பது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். உள்மூடியைத் திறக்குமுன் மின்னோட்டத்தைத் துண்டித்தல் வேண்டும். வடிகட்டியை மாற்றுமுன் அடைப்பிதழை மூடிக் குழாயின் அழுத்தத்தை இறக்குதல் வேண்டும். உயிரைக் காக்கும் இவ்விரு வரிகளைக்கூட அவன் தாய்மொழியில் எழுதித் தராத நிறுவனங்கள், விளம்பரத்தை மட்டும் நல்ல தமிழில் எழுதத் தவறுவதில்லை!

வாங்குவோர்க்கும் இதில் பங்குண்டு. வடிகட்டி அடைத்தால் ஓட்டம் தளரும். அது கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகுழாய் கசிந்து காற்றுப் புகுந்து, பிரிப்பானும் பழுதுற்றிருந்தால், அக்காற்றும் நெய்க்கணக்கில் ஏறும். அது கண்ணுக்குத் தெரியாது. உழைத்து ஈட்டிய காசு காற்றுக்குப் போகும்.

கன்னெய்யில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்திய அரசு 2025-இல் எட்டியது. அதன்பின் தொட்டியின் தூய்மை முன்னிலும் இன்றியமையாததாயிற்று. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்பினது. மழைநீர் தொட்டியில் புகுந்தால், எத்தனால் அந்நீரோடு கூடிக் கன்னெய்யிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எக்கி அதை உறிஞ்சி வண்டிக்குள் விட்டால் வண்டி நடுவழியில் நிற்கும். அளவுகோலின் நுனியில் நீர்காட்டும் பசை தடவித் தொட்டிக்குள் இறக்கி, நிறம் மாறுகிறதா என்று நாள்தோறும் பார்ப்பது இதற்காகவே. பசையும் எத்தனால் கலந்த நெய்க்கென உள்ளதாக இருத்தல் வேண்டும். பழைய பசை ஏமாற்றிவிடும்.

இனி, அளவு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் எக்கியின் அளவி ஆண்டுதோறும் ஆய்ந்து முத்திரையிடப்படுகிறது. தமிழ்நாட்டில் இப்பணி தொழிலாளர் துறையினுடையது. பழுதுபார்க்க முத்திரையை உடைத்தால், மீண்டும் ஆய்ந்து முத்திரையிட்ட பின்னரே விற்றல் வேண்டும். ஐயமுற்ற எவரும் 5 இலிட்டர் அளவுகலத்தில் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம். அவ்வளவில் 25 மில்லி இலிட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது. வடிதாளில் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விட்டு, ஆவியான பின் கறை தங்குகிறதா என்று பார்க்கவும் கேட்கலாம். மூக்கின் நுனியை முதலில் நன்கு துடைத்துக்கொள்ள வேண்டும், அங்குள்ள அழுக்கே கறையாகிவிடுமன்றோ! இவ்வுரிமைகளைக் கேட்பவர் எத்தனை பேர்? கேட்கச் சொல் தெரியாதவர் கேளாமலே போகின்றனர்.

வேண்டுவது பெரிதன்று. ஒவ்வோர் எக்கியின் கதவின் உட்புறத்தும் தூய்மைப் பணிக்கு ஒரு தமிழ்த்தாள். வெளிப்புறத்தில் வாங்குவோர் உரிமைக்கு ஒன்று. தமிழுணர்வுள்ள பொறியாளர் ஒருவரும், எக்கி பழுதுபார்க்கும் கைவினைஞர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் அவற்றை எழுதிவிடலாம். சொற்களை முதலில் கைவினைஞரிடமே கேட்டல் வேண்டும். அடைப்பு, கசிவு, சொட்டு என்பன அவர் வாயில் முன்பே இருக்கின்றன.