இறங்கிய எடை திரும்பாமல் இருக்க

நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நான் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு மட்டும் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனவன். இருந்தாலும் நம் செட்டில் ஒருவனாகவே என்னை இத்தனை வருஷமும் வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் பேச வந்திருக்கிறேன்.

சங்கச் செயலாளர் போன் செய்து, "டாக்டர், உடம்பு எடையைக் குறைப்பது எப்படின்னு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். தலைப்பைக் கொஞ்சம் மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டேன். எடையைக் குறைக்க இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த அரங்கத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை குறைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். குறைந்தது ஏன் திரும்பி வருகிறது, வராமல் இருக்க என்ன வழி என்பதுதான் விஷயம்.

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. நம் செட்டின் கடைசி வருஷக் குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். அறுபது வயதைத் தொடாமலே போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடிப் பேர். பெரியவர்களில் 100-க்குக் கிட்டத்தட்ட 40 பேருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம்.

நம்மவர்களுக்கு வெள்ளைக்காரர்களின் அளவுகோல் பொருந்தாது. 165 சென்டிமீட்டர் உயரம் உள்ள இந்தியருக்கு 63 கிலோவைத் தாண்டினால் அதிக எடை, 68-ஐத் தாண்டினால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதாவது முப்பத்தைந்தரை அங்குலம், முப்பத்தொன்றரை அங்குலம். இஞ்ச் டேப் இல்லாத வீடு திருப்பூரில் ஏது? இன்றைக்கு ராத்திரியே அளந்து பார்க்கலாம்.

ஒரு நண்பரின் கதை

நம் வகுப்புத் தோழர் ஒருவர் காம்பேக்டிங் யூனிட் நடத்துகிறார். அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். 2004-இல் அவர் எடை 88 கிலோ. ஒரு நாள் பழம், அடுத்த நாள் காய், முட்டைக்கோஸ் சூப் என்று ஏழு நாள் டயட் இருந்தார். நாலு கிலோ இறங்கியது. இரண்டு மாதத்தில் ஏறிவிட்டது. 2009-இல் சாப்பாட்டுக்குப் பதிலாக டப்பா பவுடரைக் கரைத்துக் குடித்தார். எட்டு கிலோ இறங்கி, ஒன்பது கிலோ ஏறியது. 2015-இல் தமிழ்நாடு முழுக்க பேலியோ பேச்சாக இருந்த நேரம். அரிசியை அடியோடு விட்டார். பதினான்கு கிலோ குறைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. பதினோரு மாதம் நன்றாகவே இருந்தார். பிறகு மகள் கல்யாணம், ஆர்டர் நெருக்கடி, ராத்திரி ஷிப்ட். ஒன்றரை வருஷத்தில் 93 கிலோ!

வீட்டில், "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று பெயர். அவரும் அப்படியே நம்பிவிட்டார். நான் சொன்னேன்: "அப்பா, இது உன் குணக்கேடு இல்லை, உடம்போட வேலை."

உடம்பு எப்படிப் பழிவாங்குகிறது?

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். எடையில் சுமார் கால்பங்கு இறங்கியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். மறுபடி சாப்பாடு கொடுத்தபோது எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. அவர்கள் யாருக்கும் வாய்க்கொழுப்பு கிடையாது, பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆரோக்கியமான பையன்கள்.

2011-இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரிடம் நடந்த ஆய்வில், பத்து வாரக் கடும் டயட் முடிந்து ஒரு வருஷம் கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2016-இல் வந்தது இன்னொன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேர் சராசரி 58 கிலோ குறைத்தவர்கள். ஆறு வருஷத்தில் அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதோடு, சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட தினம் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி உடம்பு சிக்கனத்தில் இறங்குகிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது.

இதைக் கேட்ட நம் தோழர் சொன்ன பதில் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. "ஏப்பா டாக்டர், இது எங்க தொழில்ல இருக்கறதுதானே! ஈரத்துணியை இழுத்துப் பிடிச்சுக் கேலண்டர் போட்டா அன்னைக்கு அளவு சரியா நிக்கும். ஒரு வாஷ் போட்டா பழைய இடத்துக்கே வந்துரும். இழுக்காம, தளர விட்டு, நீராவி கொடுத்து காம்பேக்ட் பண்ணுன துணிதான் அளவுல நிக்கும்" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

நாலாவது தடவை

2019-இல் நாலாவது முறை தொடங்கினோம். இந்த முறை அவர் எதையும் அடியோடு விடவில்லை. கணக்கு மட்டும் எழுதினார். முதல் கணக்கு டீ. யூனிட்டில் ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், ஆக 60 கிராம் சர்க்கரை. மாதத்துக்கு 1.8 கிலோ, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 22 கிலோ! நம் பக்கத்து ஊரான குன்னூரில் 1918-இல் தொடங்கி, பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்று 2024-இல் சொல்லியிருக்கிறது. தோழர் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து, நாலு கிளாஸ், ஒரு ஸ்பூன் என்று நிறுத்தினார். நாக்குக்கே தெரியவில்லை என்கிறார்.

இரண்டாவது, ராத்திரி. ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்குப் பரோட்டா என்பது திருப்பூரின் வழக்கம். அதை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டார். மற்ற நாளில் எட்டு மணிக்கே வீட்டுச் சாப்பாடு கேரியரில் வந்துவிடும்.

மூன்றாவது, தட்டு. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கம்பு, சோளம், ராகி என்று மாறினால் தானாக இளைத்துவிடுவோம் என்று பலரும் நினைக்கிறார்கள். நூறு கிராம் கம்பிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 350. நார்ச்சத்து அதிகம் என்பதால் கம்பு நல்லது, வயிறு நிற்கும். ஆனால் நம் பாட்டனார் களி உருண்டையைத் தின்றுவிட்டுக் கவலை ஏற்றம் இறைத்தார். நாம் ஏ.சி.யில் உட்கார்ந்து பில் போடுகிறோம். அளவும் சேர்ந்து குறைய வேண்டும். தோழர் தட்டில் பாதி காய், கால்பங்கு சோறு, மீதி கொள்ளுப் பருப்போ முட்டையோ மீனோ என்று வைத்துக்கொண்டார்.

நான்காவது, நடை. முதலில் பதினைந்து நிமிஷம், ஆறு மாதத்தில் நாற்பத்தைந்து. ஐந்தாவது, ஞாயிறு காலை எடை பார்த்து நோட்டில் எழுதுவது. இரண்டு கிலோ ஏறினால் உடனே தெரியும், பத்து கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் வருஷம் குறைந்தது ஐந்தே கிலோ. "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று அவர் வீட்டம்மா கேட்டார்கள். இரண்டாம் வருஷம் இன்னும் நாலு. 84-இல் நின்றது. இன்று வரை நிற்கிறது. அட்டவணைப்படி அவர் இன்னும் குண்டர்தான். ஆனால் மாத்திரை பாதியாகிவிட்டது, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, மூச்சிரைப்பு இல்லை.

அமெரிக்காவில் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். பதின்மூன்றரை கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது திரும்பாமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதில் இடம். இறக்கிய வழி ஆளுக்கு ஒன்று. தக்கவைத்த வழி மட்டும் ஏறக்குறைய ஒன்றே: தினம் சுமார் ஒரு மணி நேர உடலுழைப்பு, பெரும்பாலும் நடை, காலை உணவைத் தவிர்க்காமை, அடிக்கடி எடை பார்ப்பது, விசேஷ நாள், சாதா நாள் என்று பெரிய வித்தியாசம் வைக்காமை.

இறங்கவில்லையே என்று ஏங்குவோருக்கு

நம் சென்னையிலிருந்து ஒரு நல்ல செய்தி. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறப்பு ஆலோசனை ஏதும் இல்லாத பிரிவில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவில் 39 பேருக்குத்தான். இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசு அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். உள்ளே வேலை நடக்கிறது.

இப்போது வாராந்திர ஊசிகள் வந்திருக்கின்றன. 2025-இல் இந்தியாவிலும் எடை குறைக்கவென்றே விற்பனைக்கு வந்துவிட்டன. நல்ல மருந்துகள்தான், தேவையானவர்களுக்கு. ஆனால் செமாகுளூடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருஷத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு சொல்கிறது. சிநேகிதர் போட்டார் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதேபோல், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்துவிடும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்தது வீணாகக் கூடாதென்று நீங்கள் சாப்பிடுகிறீர்கள். வீணாகாமல் அது உங்கள் இடுப்பில் சேருகிறது. அடுத்த நாள் ஒரு கரண்டி குறைத்து வடியுங்கள். கம்பெனி நடத்தும் நண்பர்களுக்கு: பவர் டேபிளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே தைக்கும் பெண்களுக்கும் இதே நோய்கள்தான் வருகின்றன. டீ வேளையில் போண்டாவுக்குப் பதில் வாரம் மூன்று நாள் சுண்டல் கொடுத்துப் பாருங்கள்.

அரசும் சில வசதிகள் செய்திருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2023-இல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள்.

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூடுகையில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போடுங்கள். ஒரு இஞ்ச் டேப், ஒரு தராசு, ஒரு இரத்த அழுத்தக் கருவி போதும். கருவியும் ஆளும் என் பொறுப்பு. வருஷா வருஷம் ஒவ்வொருவர் அளவையும் அவரவர் சீட்டில் குறித்துக் கொடுப்போம். யாரும் யாரோடும் போட்டி போட வேண்டாம். போன வருஷத்து அளவில் நின்றாலே அது வெற்றிதான்.