காற்றாடியும் புயலும்

பனையோலையை நறுக்கி, கருவேல முள்ளில் கோத்து, வயல் வரப்பில் பிடித்துக்கொண்டு ஓடும் காற்றாடியை அறிவீர்கள். ஓடுகிறவன் நின்றால் அதுவும் நின்றுவிடும். அழகுக்காகத் தோட்டத்தில் நட்டுவைக்கும் தகட்டுக் காற்றாலையை அப்படி நிறுத்துவார் இல்லை.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவுக்குப் பின், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபொழுது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிற்று. 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மாலைக் காற்றைப்போல் அது 16 மடங்கு அழுத்தம்! பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளே வேரோடு சாய்ந்தன என்றால் தகரம் எம்மாத்திரம்?

1854-இல் அமெரிக்கரான டேனியல் ஹாலடே அமைத்த நீரிறைக்கும் காற்றாலை, காற்று மிகுந்தால் தன் இறக்கைகளைத் தானே திருப்பிக் காற்றுக்கு வழிவிட்டது. இக்காலத்து மின் காற்றாலைகளும் பெரும்பாலும் 90 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஓய்ந்துவிடுமாறு அமைக்கப்பட்டவை. தோட்டத்துப் பொம்மைக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? புயல் எச்சரிக்கை கேட்டவுடன் கழற்றி வீட்டினுள் வையுங்கள். கழற்ற இயலாதெனில் சக்கரம் சுழலாதபடி தூணோடு கயிற்றால் இறுகக் கட்டுங்கள்.

தூணையும் கவனிக்க வேண்டும். நமது வண்டல் மண் ஐப்பசி மழையில் குழைந்து, மேலாக நட்டதைக் கைவிட்டுவிடும். ஆழமாகக் குழி தோண்டி, ஜல்லியும் சிமெண்டும் இட்டு நிறுத்துங்கள். அச்சுக்கு எண்ணெய் இடுவதையும் தளர்ந்த திருகுகளை முடுக்குவதையும் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள்.