எழும்பூரில் சேவித்த திருமேனிகள்



சென்ற மாதம் அடியேன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தேன். 1851இல் தோன்றிய அந்நிலையத்தில், செப்புத் திருமேனிகளுக்கென்றே 1963இல் எழுந்த நவீனக் கட்டடம் ஒன்று உண்டு. அங்கே கோபுரம் இல்லை, மணியோசை இல்லை, துளசி மணம் இல்லை. மின்னொளியும், ஊர்ப்பெயரும் நூற்றாண்டும் குறித்த அட்டைகளுமே உண்டு. பாதரட்சையைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாயிலில் சற்றுத் தயங்கி நின்றேன்.

உள்ளே, நமக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராஜர் நிற்கிறார். அவருடைய புகைப்படங்களைக் கண்டே ரோதேன் என்னும் பிரெஞ்சுச் சிற்பி 1913இல் வியந்து எழுதினார். அக்கட்டுரை 1921இல் அச்சாயிற்று. திருக்கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் இடையே திருமுகம் ஒன்றையே காண்கிறோம். இடையின் வளைவையும், விரல் நுனியின் நளினத்தையும், மெழுகில் வடித்த ஸ்தபதியின் கைத்திறனையும் முழுமையாக நான் கண்டது அங்கேதான். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சிறிது வெட்கமாகவே இருக்கிறது.

ஆயினும், வடக்குப்பனையூர் இராமபிரான் முன்னே மனம் கலங்கிற்று. வில்லைப் பற்றுதற்கென உயர்ந்த திருக்கரம். கரத்தில் வில் இல்லை. அருகே பிராட்டியும் இளைய பெருமாளும் அனுமனும் நிற்கிறார்கள். திருமஞ்சனம் இல்லை, தளிகை இல்லை.

இத்தகைய திருமேனிகளுள் பல, அந்நியர் படையெடுப்புக்கு அஞ்சிய நம் முன்னோர் மண்ணில் மறைத்து வைத்தவை. மறைத்தவர்கள் மீண்டும் எடுக்க வரவில்லை. நெடுங்காலத்திற்குப் பின் உழவனின் கொழுவோ மண்வெட்டியோ தட்டிற்று. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவை அரசினரிடம் சேர்ந்தன. உருக்கப்படாமலும் கடல் கடந்து விலைபோகாமலும் காத்தவர்களுக்கு நாம் நன்றியுடையோம்.

கணிகண்ணனோடு நம் ஆழ்வார் கச்சியை விட்டுப் புறப்பட்டபோது, அவர் சொற்கேட்டுப் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தவன் திருவெஃகாப் பெருமான். திரும்பி வா என்றதும் வந்து பள்ளிகொண்டான். எழும்பூரில் நிற்பவர்களை ‘வா’ என்று அழைக்க அவர்தம் ஊர்களில் இன்று எவர் இருக்கிறார்?

திருமேனிகளின் பீடங்களை அங்கே உற்று நோக்கினேன். புறப்பாட்டின்போது தண்டு செருகவும் கயிறு கோக்கவும் அமைந்த துளைகளும் வளையங்களும் வெறுமையாய் இருந்தன. இன்று மாலை நம் உற்சவர் வீதிக்கு எழுந்தருளுவார். ஸ்ரீபாதம் தாங்கும் அன்பர்கள் கயிறு கட்டும்போது, அருகில் வந்து அந்தப் பீடத்தைச் சேவியுங்கள்.