தாய் எலியும் உப்பளத்துத் தாயும்

நேயர்களே, போதைப் பழக்கம் பற்றிப் பேச நிலையத்தார் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் எலியில் தொடங்கப் போகிறேன். சிரிக்காதீர்கள். தூத்துக்குடியில் போதையிலிருந்து மீள வருகிறவர்களைப் பார்க்கும் மனநல மருத்துவன் நான். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு எலிகளை வைத்துச் செய்ததுதான்.

பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத எலிக்குட்டிகள். சில குட்டிகளைத் தினமும் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைக்கிறார்கள். வேறு சிலவற்றைக் கால் மணி நேரம் மட்டும். வளர்ந்த பிறகு தண்ணீரோடு சாராயத்தையும் வைத்தால், மூன்று மணி நேரம் பிரிந்தவை கூடுதலாகக் குடித்ததைப் பல ஆய்வகங்கள் கண்டன. கால் மணி நேரம் பிரிந்தவையோ குறைவாகவே குடித்தன. எதற்கும் அவ்வளவாகப் பதறவும் இல்லை.

இரண்டும் பிரிவுதானே, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பீர்கள். குட்டியைத் திரும்ப விட்டதும் தாய் எலி என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். கால் மணி நேரம் கழித்து வந்த குட்டியை அது வழக்கத்தைவிட அதிகமாக நக்கிக் கொடுத்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனி குழு இதையே பிடித்துக்கொண்டு போனது. நன்றாக நக்கி வளர்த்த குட்டி பெரிதானதும் அதன் உடலில் பதற்றச் சுரப்பு அளவோடு நிற்கிறது என்று 1997-இல் எழுதினார்கள். இரண்டு ஆண்டு கழித்து இன்னும் ஒரு வேலை செய்தார்கள். அதிகம் நக்காத தாய் ஈன்ற குட்டியை, நன்றாக நக்கும் தாயின் கூட்டில் மாற்றி வைத்தார்கள். அந்தக் குட்டி வளர்த்தவளைப் போலவே நிதானமாக வளர்ந்தது. பெற்றவள் யார் என்பதைவிட அணைத்தவள் யார் என்பதே கணக்கில் நின்றது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நம்மூர் ஆச்சிமார் ஞாபகம் வந்துவிடும்.

அணைப்பில்லாமல் வளர்ந்த உடம்பு சின்ன விஷயத்துக்கும் படபடக்கிறது. மூளையில் இன்பத்தை உணர்த்தும் டோபமின் ஓட்டமும் மாறிப்போகிறது. துறைமுகத்தில் சுமை தூக்கும் ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார்: "சந்தோசத்துக்காகப் போடலை டாக்டர். நெஞ்சுக்குள்ள ஒரு படபடப்பு இருந்துக்கிட்டே இருக்கும். போட்டா அது அடங்கும்."

வேறொரு பையனைச் சேர்க்க வந்த தாய் கேட்டார்: "நான் உப்பளத்துக்குப் போனதாலதான் இவன் இப்பிடி ஆயிட்டானா?" வெயிலுக்கு முன் உப்பு வார வேண்டும், இருட்டிலேயே கிளம்பிவிடுவாராம். பிள்ளையை யார் பார்த்தது என்றேன். "மாமியா இருந்தவரைக்கும் அவுக. அப்புறம் மூத்தவ. அவளுக்கு அப்ப எட்டு வயசு." எட்டு வயதுப் பிள்ளைக்கே ஒரு மடி வேண்டுமே, நேயர்களே! "உங்கமேல தப்பில்லம்மா" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. வேலைக்குப் போன தாய் திரும்பி வருகிறாள். இடையில் பிள்ளையைத் தூக்க ஒரு கை இருந்ததா என்பதே கேள்வி.

அக்கரையில் இலங்கை அரசு 2013-இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள பெண்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தியது. தாயை நிறுத்திவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? இங்கே 2017 முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், பேறுகால விடுப்பு 26 வாரம் என்று சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்கு உப்பு வாருகிறவருக்கு அந்த 26 வாரம் ஏது? அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கு அவர் பாத்தியில் இறங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

நேரம் முடிகிறது, குரங்குகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஆய்வு அது. தாயில்லாமல் ஒத்த வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்ந்த குரங்குகள் அதிகம் குடித்தன. தாயிடம் வளர்ந்தவையும், தனியாக அடைத்தபோது அதே அளவுக்குக் குடித்தன. ஆக, சின்ன வயதுப் பிரிவு ஒருவனை எளிதில் விழக்கூடியவனாக்கலாம். அதுவே தலைவிதி இல்லை. பிரிந்து வளர்ந்தும் போதைப் பக்கம் போகாதவர்கள் ஏராளம். விழுந்தவர் எழுவதற்கும் இன்று பக்கத்தில் ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் திட்டுவதற்கு முன் 14446 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது. இங்குள்ள உப்பளப் பகுதிகளான முத்தையாபுரத்திலோ வேப்பலோடையிலோ விடியுமுன்னே திறக்கிற ஒரு பிள்ளைக் காப்பகம் வந்தால், அதைப் போதை ஒழிப்புச் செலவில் எழுதுங்கள் என்று முதலில் சொல்கிறவன் நானாக இருப்பேன். அது சீக்கிரம் வரட்டும்.