பதவி போன பிறகு



இன்று பட்டம் வாங்கும் உங்களில் பலர் சீக்கிரமே ஏதோ ஒரு நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். உங்கள் கையெழுத்துக்காகச் சிலர் வாசலில் காத்திருப்பார்கள். அந்த அதிகாரத்தைப் பற்றிப் பேச, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நிற்கும் எனக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் இருவர் போதும்.

ராஜபாளையத்தில் 1898இல் பிறந்த பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். அன்றைய மாகாணம் ஆந்திரக் கடற்கரையிலிருந்து மலபார் வரை நீண்டது. அப்படிப்பட்டவரை 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தோற்கடித்தது. 1967இல் விருதுநகர் காமராஜரையே தோற்கடித்தது. வித்தியாசம் 1,285 ஓட்டு. ஊர் ஊராகப் பள்ளி திறந்து, மதியச் சோறு போட்டவர் அவர்.

இதை நன்றிகெட்டத்தனம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செய்த நல்லதுக்கெல்லாம் ஓட்டு வர வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், அதுவும் லஞ்சக் கணக்குதான். காமராஜருக்கு இழைத்த அநியாயம் வேறு. அவர் மாளிகையில் வாழ்கிறார் என்று வாய்க்கு வாய் பரப்பினார்கள். சென்னை திருமலைப்பிள்ளை சாலையில் அவர் இருந்தது வாடகை வீடு. 1975இல் அங்கேதான் காலமானார். பரப்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி வீடு வீடாகப் போய் ‘நாங்கள் சொன்னது பொய்’ என்றார்கள்? அவதூறைக் கட்டிவிடுபவன் ஒருவன்தான். அதற்குக் காலும் கையும் கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற நல்லவர்கள். இன்று அந்த வேலை கைப்பேசியில் ஒரு தொடுதலில் முடிந்துவிடுகிறது.

விருதுநகரில் இன்றும் சொல்வார்கள்: முதலமைச்சராக இருந்த காமராஜரின் தாயார் சிவகாமி அம்மாள் வீட்டுக்கென்று தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டார்கள், கேள்விப்பட்ட மகன் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். யாரும் அவரிடம் பணப்பெட்டி நீட்டவில்லை. ஒரு குழாய்தான். ஊழல் அந்த அளவில்தான் வீட்டுக்குள் வரும். பொறியியல் படித்த பிள்ளைகளே, உங்களிடம் அது எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தின் வடிவில் வரும். சாலையின் கனத்தை அளந்து நீங்கள் எழுதும் எண்ணை வைத்துத்தான் பில் பாஸாகும். ‘கொஞ்சம் கூட்டிப் போடுங்க சார், எல்லாரும் போடுறதுதான்’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். மறுத்தால் உங்களைப் பற்றியும் கதை கட்டுவார்கள். அதையும் தாங்கத்தான் வேண்டும். பதவியின் பாரம் என்பது பெரும்பாலும் இதுதான்.

குமாரசாமி ராஜா பிறகு ஒரிசா ஆளுநரானார், 1957இல் மறைந்தார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டை அவர் ஊருக்கே கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம் என்று கேட்டால் வழி சொல்வார்கள். பட்டம் வாங்கிய கையோடு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.