தெருமுனையில் நிற்பவன் யார் வீட்டுப் பிள்ளை?

(அடுகோடியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரேஷன் கார்டு, பட்டா, சம்பள பாக்கி என்று பேசுகிற நம் கூட்டத்தில் இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். சந்தா வாங்க வீடு வீடாகப் போகும்போது எந்த வாசலில் நின்றாலும் ஒரே முறையீடுதான் காதில் விழுகிறது. "அண்ணா, பையன் முடியை எப்படி வெட்டிக்கிட்டு வந்திருக்கான் பாருங்க. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தெருமுனையில நிக்கிறான். நடிகர் படம் வந்தா வேலைக்கு மட்டம் போடுறான்."

இது பெற்ற தாயின் கவலை. அவனையே பார்த்து அடுக்குமாடிக்காரர் 'பொறுக்கி' என்கிறார். போலீஸ்காரர் 'ரவுடி' என்கிறார். பத்திரிகை 'சமூக விரோதி' என்று எழுதுகிறது. இவை கவலைகள் அல்ல, தீர்ப்புகள். தாயின் கவலையும் இந்தத் தீர்ப்பும் ஒன்றாகிவிடக் கூடாது. அதற்காகவே இன்றைய பேச்சு.

நம் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 3 அன்று பெங்களூர் கிரிக்கெட் அணி 18 ஆண்டு காத்திருந்து கோப்பையை வென்றது. மறுநாளே சின்னசாமி ஸ்டேடியத்தில் பாராட்டு விழா. அந்த ஸ்டேடியம் சுமார் 35,000 பேர் கொள்ளும். வந்தவர்கள் இரண்டு மூன்று லட்சம் பேர் என்று முதலமைச்சரே சொன்னார். வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் வாலிப வயதினர். பள்ளிக்கூடம் போகிற சிறுமி ஒருத்தியும் அதில் உண்டு.

அன்று மாலையே ஊர் என்ன பேசியது? "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. வேலை வெட்டி இல்லாமல் ஓடினார்கள், செத்தார்கள்." நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஜூலையில் வந்த அதன் அறிக்கை யாரைப் பொறுப்பாக்கியது? அணி நிர்வாகத்தை, கிரிக்கெட் சங்கத்தை, விழா ஏற்பாடு செய்த கம்பெனியை, போலீசை! வாசலைச் சரியாகத் திறக்காதவர்களும், திட்டமில்லாமல் கூட்டத்தைக் கூட்டியவர்களும்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பது வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகள் மேல் பழி விழுவதற்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

இது பெங்களூரின் புதுப் பழக்கம் அல்ல. இங்கிலாந்தில் கிளாக்டன் என்று ஒரு கடற்கரை ஊர். 1964-இல் ஈஸ்டர் விடுமுறைக்கு லண்டன் பக்கத்து இளைஞர்கள் அங்கே மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போனார்கள். குளிர், மழை, பொழுதுபோக்க இடமில்லை. சிறு கைகலப்பு நடந்தது, சில கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் பத்திரிகைகள் ஊரே சூறையாடப்பட்டதுபோல் தலைப்புப் போட்டன. ஸ்டான்லி கோஹன் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து 1972-இல் நூலாக வெளியிட்டார். நடந்த சேதம் சிறிது, ஊதிய ஊதல் பெரிது என்று காட்டினார். அதோடு இன்னொன்றும் சொன்னார். ஒருவனைப் போக்கிரி என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தால், போலீஸ் கெடுபிடி ஏறுகிறது. அவனும் அந்தப் பட்டத்தையே சட்டையாகப் போட்டுக்கொள்கிறான். வெள்ளைக்காரத் தொழிலாளி பிள்ளைக்கு நடந்ததுதான் நம் பேட்டைப் பிள்ளைக்கும் நடக்கிறது.

சரி, நம் பையன் ஏன் தெருமுனையில் நிற்கிறான்?

அடுகோடி என்றால் ஒரு காலத்தில் மைக்கோ. 1951-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் சங்கு இந்தப் பேட்டையின் கடிகாரமாக இருந்தது. வேலை நிரந்தரம், கேண்டீன் உண்டு, போனஸ் உண்டு, கேட்டில் கொடியோடு யூனியனும் உண்டு. 2008-இல் அது பாஷ் என்று பெயர் மாறியது. உற்பத்தி பிடதிக்குப் போயிற்று. 2022 முதல் இங்கே இருப்பது கணினி வேலைக்கான தொழில்நுட்ப வளாகம். மதில் அதேதான். அதற்குள் போகிற படிப்பு வேறு, சம்பளம் வேறு.

அந்தக் காலத்து வாலிபனுக்கு அரசியல் எங்கே கிடைத்தது? கேட்டில் கிடைத்தது. 1980 டிசம்பர் கடைசியில் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 77 நாள் நின்றார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது எல்லாம் ஒரே பந்தலில் உட்கார்ந்தன. மூத்தவர் பக்கத்தில் இளையவர் உட்கார்ந்து உலகம் தெரிந்துகொண்டார்கள்.

இன்றைய பையன் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு கோரமங்களாவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவனுக்குக் கேட் கிடையாது, சங்கு கிடையாது, மேஸ்திரிகூடக் கிடையாது. முதலாளி ஒரு செல்போனுக்குள் இருக்கிறார். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு, அந்தத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலில் விடியுமுன் ஏறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். ரயில்வே கவுண்டரில் உட்கார்ந்து சீசன் டிக்கெட் கொடுக்கிற நமக்கு அந்த முகங்கள் தெரியும். பெட்டியில் தாளம் போட்டுப் பாடினால் பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அந்த வாலிபனுக்குச் சொந்தமாக மிஞ்சுவது அந்தப் பெட்டி ஒன்றுதான். அங்கேயும் பாடக் கூடாதென்றால் எங்கே பாடுவான்?

இடமும் சுருங்கிவிட்டது. பக்கத்து ஈஜிபுராவில் 2013 ஜனவரியில் ஏழைகள் குடியிருப்பை இடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. வீடு போனதோடு பிள்ளைகள் ஓடியாடிய முற்றமும் போயிற்று. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்தால், பதினெட்டு வயதுப் பையன் தெருமுனைக்குத்தான் வருவான். அது அவனுடைய திண்ணை.

ரசிகர் மன்றத்துக்கு வருவோம். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதை நாம் ஆதரிக்கவில்லை. கடன் வாங்கி பேனர் கட்டுவதையும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் செய்கிற வேலையைக் கவனித்துப் பாருங்கள். வாரச் சந்தா வசூலிக்கிறார்கள். நோட்டில் கணக்கு எழுதுகிறார்கள். போலீஸ் அனுமதிக்கு மனு எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் அரை மணியில் பத்துப் பேர் வந்து நிற்கிறார்கள். ஒரு சங்கம் நடத்தத் தெரிய வேண்டியது இதுதானே?

எம்.ஜி.ஆர். மன்றங்களை ஒரு காலத்தில் விசிலடிக்கும் கூட்டம் என்று சிரித்தார்கள். 1972 அக்டோபரில் அந்த மன்றங்கள்தான் ஒரு கட்சியின் கிளைகளாயின. 1977-இல் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆட்சியைப் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஏழைப் பிள்ளையின் அமைப்புத் திறமையைச் சிரித்து ஒதுக்கினால், அதை எடுத்துக்கொள்ள வேறொருவர் காத்திருப்பார் என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. மன்றத்தின் குறை என்ன? அங்கே உழைப்பு கீழிருந்து மேலே போகிறது, பதில் மேலிருந்து கீழே வருவதில்லை. நடிகரிடம் கணக்குக் கேட்க முடியாது. சங்கத்தில் செயலாளரிடம் கேட்கலாம். அந்த வித்தியாசத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டியது நாம்.

வாலிபர் என்றால் ஆண் பிள்ளைகள் மட்டுமா? 2016 ஏப்ரலில் ஓசூர் ரோட்டையும் பீன்யாவையும் நிறைத்தவர்கள் யார்? கார்மெண்ட்ஸ் பெண்கள்! பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பெரும்பாலோருக்குச் சங்கமே கிடையாது. ஏப்ரல் 18, 19 இரண்டே நாள் தெருவில் நின்றார்கள். அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் பி.எஃப். கட்டுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதில் பங்கு உண்டு. "பெண் செல்போனே கதியாக இருக்கிறாள்" என்று குறைப்படும் தாய்மார்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆபத்தான விஷயம். 1991 டிசம்பர் 12, 13 தேதிகளில் காவிரி இடைக்கால ஆணையை ஒட்டி இங்கே என்ன நடந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். 2016 செப்டம்பர் 12-இல் பஸ்கள் எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். இப்படிப்பட்ட நாட்களில் தெருமுனையில் நிற்கிற தமிழ்ப் பையன் எல்லோரையும்விட அதிகமாக அடிபடக் கூடியவன். அதே நேரம் எதிர்ப்பக்கம் நிற்கிற கன்னடப் பையனையும் பாருங்கள். அவனும் வேலையில்லாதவன், அவன் தகப்பனும் கூலிக்காரன். கல்லெடுத்தவன் பெயர் ஸ்டேஷனில் ஏறுகிறது, கல்லெடுக்கத் தூண்டியவன் வீட்டில் தூங்குகிறான். இரண்டு பையன்களையும் ஒரே பந்தலில் உட்கார வைக்க 1980-இல் முடிந்தது. இப்போதும் முடியும்.

ஆகவே மூன்று காரியங்கள்.

ஒன்று: போலீஸ் ஒரு பையனைக் கூட்டிப் போனால் பெற்றவர்கள் தனியாகப் போகக் கூடாது, சங்கத்துக்குச் சொல்லுங்கள். 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். ரவுடி ஷீட் திறப்பதென்றாலும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஒரு முறை ஏறிய பெயரை இறக்க வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

இரண்டு: டெலிவரி வேலை செய்கிற பிள்ளைகளுக்காகக் கர்நாடகம் 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. நல வாரியம், பதிவு, கம்பெனிகளிடமிருந்து நலக் கட்டணம் எல்லாம் அதில் உண்டு. சட்டம் தானாக நடந்து வீட்டுக்கு வராது. அந்தப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பதிவு செய்யும் வேலையை அவர்களில் இருந்தே நான்கு பேர் ஏற்க வேண்டும்.

மூன்று: சங்கப் படிப்பகத்தின் சாவியை இரவு எட்டு மணிக்கு மேல் பிள்ளைகளிடம் கொடுப்போம். கேரம் ஆடட்டும், பாடட்டும், செல்போன் பார்க்கட்டும். சினிமா பேசினாலும் பேசட்டும். ஒரு நோட்டும் பேனாவும் அங்கே இருக்கட்டும், கணக்கை அவர்களே எழுதட்டும். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலை. சத்தம் கேட்டால் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனையில் நிற்பவன் நம் வீட்டுப் பிள்ளை. அவன் யார் என்பதை ஸ்டேஷன் ஏடு எழுதுமுன் நம் சங்க ஏடு எழுதட்டும்.