நடுக்குவாதமும் ஒரு நரம்புப் புரதமும்

(கல்விக் கழக வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர், கல்வியின் மேன்மையைப் பற்றி நான் பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அதனை இம்மேடையில் பலரும் பேசிவிட்டனர். நானும் பலமுறை பேசியிருக்கிறேன். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மனித மூளையிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிய செய்தி. நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியன், மருத்துவனல்லன். தலைமையாசிரியர்க்கு இது வேண்டாத வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஏன் எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா நாற்பது வயதைக் கடந்தபின் எங்கள் சேரிச் சாவடியில் நடந்த இரவுப் பள்ளியில் எழுத்தறிந்தவர். பகலெல்லாம் வயலில் நின்ற கால்களோடு வந்து, அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்து, தம் நான்கெழுத்துப் பெயரை எழுதப் பழகினார். கைநாட்டு வைத்த குடும்பத்தில் முதற் கையெழுத்து அவருடையது. பெரிய பெரிய எழுத்துக்கள். ஒரு கோட்டிற்குள் அடங்கமாட்டா. என் பள்ளிக்கூட நோட்டின் பின்புறமெல்லாம் அவர் பெயர்தான் இருக்கும்.

1993இல் அவர் ஓர் அலுவலகத்திற்குப் பணம் பெறச் சென்றார். நான் உடன் சென்றிருந்தேன். அவர் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்தாற்போல் சிறுத்திருந்தது. கடைசி எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. முன்பு போட்டதோடு ஒத்துவரவில்லை என்று எழுத்தர் தாளைத் தள்ளிவிட்டார். பெரியப்பாவின் வலக்கை மேசைமேல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "குடித்துவிட்டா வந்தாய்?" என்று கேட்டு, மைப்பெட்டியை அவர் முன் நகர்த்தினார். பெரியப்பா வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவரல்லர். கட்டைவிரலை மையில் ஒற்றினார். வீடு திரும்பும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். 1999இல் இறந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் அவரை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். வரிக்கு வரி எழுத்துச் சுருங்கிற்று. எனக்கு அங்கேயே பெரியப்பாவின் கையெழுத்து கண்முன் வந்தது. அவரை எந்த மருத்துவரும் சோதித்ததில்லை. ஆகவே அவருக்கு இந்நோய்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் அன்று தொடங்கி நான் படித்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர். மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்பர். ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் சாதாரண மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1817இல் ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களுள் சிலரைத் தெருவிலேதான் கண்டார். எளியோருக்கும் வாக்குரிமை வேண்டுமென்று புனைபெயரில் துண்டுநூல்கள் எழுதியதும், 1794இல் அரசரின் ஆலோசனைச் சபை முன் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டதும் அவர் வரலாற்றில் உண்டு. தெருவில் தள்ளாடி நடப்பவனைக் குடிகாரன் என்று ஒதுக்காமல் நின்று பார்த்தவர் இப்படிப்பட்டவராயிருந்ததில் எனக்கு வியப்பில்லை.

மூளையின் அடித்தண்டில் கருநிறமான சிறு பகுதி ஒன்றுண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரந்து, உடலசைவைச் சீராக நடத்துகின்றன. அவ்வணுக்கள் மடிவதே இந்நோயில் நிகழ்வது. கை நடுங்கத் தொடங்கும் வேளையில் ஏறத்தாழப் பாதி அணுக்கள் மடிந்திருக்கும்.

அவை ஏன் மடிகின்றன? இங்கேதான் நம் புரதம் வருகிறது.

நரம்பணு ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. இச்சந்திப்பைச் சினாப்ஸ் என்பர். செய்தி இதனைக் கடப்பது பரிசல் துறையில் சரக்குக் கடப்பது போன்றது. டோபமைன் முதலிய செய்திப் பொருள்கள் நரம்பின் முனையில் நுண்பைகளில் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. மின்துடிப்பு வந்ததும் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் உள்ளே பாய்கிறது. கரையோரம் காத்திருக்கும் நுண்பை, அணுவின் சுவரோடு ஒன்றித் திறந்து, சரக்கை இடைவெளியில் கொட்டுகிறது. பையையும் சுவரையும் இழுத்து ஒட்டவைப்பவை கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும் வேறு சில புரதங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் இது பலமுறை நடந்துவிடுகிறது.

1988இல் அமெரிக்காவில் மின்திருக்கை மீனின் நரம்புகளை ஆராய்ந்தவர்கள், இந்த முனைகளில் ஒரு புதிய புரதத்தைக் கண்டனர். சினாப்ஸிலும் அணுவின் கருவாகிய நியூக்ளியசிலும் இருப்பதாகக் கருதிச் சினூக்ளின் என்று பெயரிட்டனர். மனிதரிடத்தில் ஆல்பா, பீட்டா, காமா என இதற்கு மூன்று உடன்பிறப்புகள். நமக்கு வேண்டியது ஆல்பா-சினூக்ளின். 140 அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி.

இதற்குத் தனியாக இருக்கையில் நிலையான உருவம் கிடையாது. ஒரு துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கிடந்தால் துணி. தலையில் சுற்றினால் தலைப்பாகை. (அதைத் தலையில் கட்டவும் தோளில் போடவும் நம் பாட்டன்மார் பட்ட பாடு வேறு கதை.) அதுபோல் இப்புரதம் நுண்பையின் மேற்பரப்பில் படிந்ததும் சுருள் வடிவம் பெற்று, முறுக்கிக்கொள்ளும் அந்தக் கயிற்றுப் புரதங்கள் ஒழுங்காகச் சேரத் துணைநிற்கிறது. இதனை 2010இல் நிறுவியவர்களுள் தாமஸ் சூடாஃப் ஒருவர். நுண்பைகள் சரக்கைக் கடத்தும் முறையைக் கண்டதற்காக 2013இல் வேறு இருவரோடு நோபல் பரிசு பெற்றவர். ஆல்பா-சினூக்ளினை மட்டும் நீக்கிய எலிகள் பெரிய குறையின்றி வாழ்ந்தன. மூன்று உடன்பிறப்புகளையும் நீக்கிய எலிகளோ முதுமையில் நரம்புத் தளர்ச்சியுற்றன. ஆகவே இது துறையில் பரிசல்காரனல்லன். சரக்கை அடுக்கிக் கொடுக்கும் கையாள் என்று கொள்ளலாம்.

இந்தக் கையாளுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது ஒரு குடும்பத்தால். இத்தாலியின் தென்பகுதியில் கொன்டுர்சி என்றொரு சிற்றூர். அங்கிருந்து பிரிந்த ஒரு பெருங்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நடுக்குவாதம் வந்தது. கிளையொன்று அமெரிக்காவிற்குக் குடியேறியிருந்தது. 1997இல் அவர்களது மரபணுவை ஆராய்ந்தபோது, நான்காம் குரோமோசோமில் ஆல்பா-சினூக்ளினுக்குரிய இடத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை கிடைத்தது. 53ஆம் அமினோ அமிலம் மாறியிருந்தது. 'பரவை' என்றால் கடல். வல்லின றகரம் போட்டால் 'பறவை'. தேர்வுத்தாளில் இதற்கு நான் அரை மதிப்பெண் குறைப்பதோடு சரி. அக்குடும்பம் அதற்குக் கொடுத்த விலை வேறு.

அதே ஆண்டில் மற்றொன்றும் வெளியாயிற்று. ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெடரிக் லூவி 1912இலேயே நோயாளிகளின் மூளையணுக்களில் வட்டமான படிவுகளைக் கண்டிருந்தார். (யூதர் என்பதற்காக 1933இல் பதவியிழந்து நாட்டைவிட்டுச் சென்றவர் அவர்.) அப்படிவுகள் எதனாலானவை என்பது 85 ஆண்டுகள் புதிராயிருந்தது. 1997இல் சோதித்தபோது அவை பெரும்பாலும் ஆல்பா-சினூக்ளினே என்று தெரிந்தது. தனித்தனியே நெகிழ்ந்து கிடக்க வேண்டிய புரதம், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இழையாகி, இழை கட்டியாகி, அணுவைக் கெடுக்கிறது. 2003இல், பிழையே இல்லாத புரதமும் அளவுக்கு மீறினால் நோய் தரும் என்று அமெரிக்காவின் அயோவா குடும்பம் ஒன்றில் கண்டனர். ஒட்டிக்கொண்ட புரதம் தன்னருகே உள்ள நல்ல புரதத்தையும் தன்வழிப்படுத்துகிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. நோயாளிகளின் மூளையில் வைக்கப்பட்ட இளம் அணுக்களிலும் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றபின் இப்படிவுகள் தோன்றியதாக 2008இல் அறிவித்தனர்.

எனினும், பிறவிப் பிழையால் நோயுறுவோர் மிகச் சிலரே. மற்றையோர்க்கு முதுமையும் சூழலும் காரணங்களாகின்றன. இதை நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். ஏனெனில் இங்குள்ளோர் வீடுகளில் மருந்து தெளிக்கும் கூலிவேலைக்குச் செல்வோர் பலர். ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லியை எலிகளுக்குச் செலுத்தியபோது டோபமைன் அணுக்கள் மடிந்து, இதே புரதக் கட்டிகளும் தோன்றியதை 2000இல் காட்டினர். அமெரிக்காவில் மருந்து தெளிப்போரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ரோட்டினோன் அல்லது பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பயன்படுத்தியோரிடம் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் அனுமதிப்பதில்லை. முதலாளி டப்பாவைக் கொடுத்தால் அதன்மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படியுங்கள். கையுறையும் முகமூடியும் கேளுங்கள். காற்றுக்கு எதிரே தெளிக்காதீர்கள். வீட்டிற்கு வந்ததும் உடுத்தியதைத் தனியே துவையுங்கள்.

இனி மருந்து. சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957இல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும் ரிசர்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா கொடுத்ததும் எழுந்து ஓடின. அந்த லெவோடோபாதான் 1960களிலிருந்து மனிதருக்கு மருந்தாகியது. நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் அது உண்டென்று தாமோதரன், இராமசாமி என்னும் இந்திய அறிஞர்கள் 1937இலேயே காட்டியிருந்தனர். அதற்காக விதையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள். அளவு தெரியாத மருந்து மருந்தன்று. மருத்துவர் தரும் மாத்திரையை நேரம் தவறாமல், உணவிற்குச் சற்று முன் உட்கொள்ள வேண்டும், திடீரென நிறுத்தலாகாது. இது நோயை வேரறுப்பதில்லை. ஆனால் பல ஆண்டுகள் நடமாட வைக்கும். சினூக்ளின் கட்டியையே தாக்கும் ஊசிமருந்துகள் இரண்டின் ஆய்வு முடிவுகள் 2022இல் வெளிவந்தன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. முதுகுத்தண்டு நீரில் இப்புரதத்தின் தவறான வடிவைக் கண்டறியும் சோதனை மட்டும், 1,100க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில் நன்கு தேறியிருக்கிறது.

நடுக்கமெல்லாம் இந்நோயன்று. டம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை ஆடினால் பெரும்பாலும் வேறு காரணமிருக்கும். மடியில் ஓய்ந்து கிடக்கும் கை ஆடுதல், நடை குறுகுதல், முகம் உணர்ச்சியின்றி இருத்தல், குரல் தணிதல், எழுத்துச் சிறுத்தல் ஆகியவை கண்டால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மணம் தெரியாமற் போவதும் நெடுநாள் மலச்சிக்கலும் பல ஆண்டுகள் முன்னரே வருவதுண்டு; அவை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பெரியப்பாவின் பெயர் எழுதிய என் பழைய நோட்டொன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். அது மேசைமேல் இருக்கிறது. முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருடைய கையெழுத்தாவது இவ்வாறு மாறியிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு நானே உடன் வருகிறேன்.